எங்கள் மாடு யாரைப் பார்த்துக் குடித்தது?

என் மனைவி கொண்டுவந்த சீதனத்தில் நான்கு கால் உள்ளவை மூன்று: ஓர் அலுமாரி, ஒரு கதிரை, ஒரு வெள்ளை எருது. அலுமாரியும் கதிரையும் கடைசிவரை ஒழுக்கமாகவே இருந்தன. எருதுதான் கள்ளுக் குடிக்கப் பழகியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. பிறந்த குடாநாட்டில் பிழைக்க வழி காணாத நாங்கள் சிலர், கனகராயன்குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் குளத்தின் கீழ் அரசாங்கம் பிரித்துக் கொடுத்த காணிகளில் வந்து குடியேறியிருந்தோம். காடு வெட்டித் துப்புரவாக்கிய நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் யானை, இந்தப் பக்கம் நான். இரண்டில் எது பயிருக்குக் கூடுதல் கெடுதல் செய்தது என்பதில் என் மாமனாருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பக்கத்துக் காணிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை ‘ஐசே’ என்பார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். போன மாரிக் காலபோகத்தில் வாய்க்கால் உடைந்து அவருடைய நெல்லை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்தச் சிறுபோகமும் விளையாவிட்டால் காணியைக் கைவிட்டு ஊருக்குத் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய மனைவி ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்வார்.

அவரிடமும் ஒரே ஒரு எருதுதான், மயிலை நிறம். ஒற்றை மாட்டால் உழ முடியாது என்பதால் என் வெள்ளையையும் அவருடைய மயிலையையும் ஒரே நுகத்தில் பூட்டிச் சோடியாக்கினோம். தண்ணீர் முதலில் யார் வயலுக்கு வருகிறதோ அந்த வயலை முதலில் உழுவது, பிறகு மற்றதை. எழுத்தில் எதுவும் இல்லை. எங்கள் குடியேற்றத்தில் பாதிப் பேர் இப்படித்தான் ஆளுக்கு அரைச் சோடி மாட்டோடு காலத்தை ஓட்டினார்கள்.

குளக்கட்டுக்குக் கீழே, எங்கள் இரு காணிகளும் முட்டும் மூலையில், பனை சீவிக் கள் இறக்கும் சீவல்தொழில் செய்கிற ஒரு மனிதர் கொட்டில் போட்டிருந்தார். பின்னேரம் வண்டி இழுத்து முடிந்ததும் மாடுகளை அவிழ்த்துவிட்டு நானும் அண்ணையும் அங்கே போய்ப் பனையோலைப் பிளாவில் ஆளுக்குக் கொஞ்சம் குடிப்போம். கொஞ்சம் என்பது என் சொல். என் மனைவி வேறு சொல் வைத்திருந்தாள். பிளாவின் அடியில் தங்கும் மண்டியைப் பக்கத்தில் கிடந்த மரத்தொட்டியில் ஊற்றுவது வழக்கம். ஒரு நாள் மாடுகள் இரண்டும் அந்தத் தொட்டிக்குள் மூஞ்சியை வைத்தன. மயிலை முதலில் வைத்ததா, வெள்ளை முதலில் வைத்ததா? நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்த சண்டை முழுவதும் அந்த ஒரு கணத்தைப் பற்றியது. சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அதன்பிறகு அது தினசரிப் பழக்கமாகிவிட்டது. எங்களுக்கும் அது ஒரு பகிடி. மாடுகளுக்கென்று கூடுதலாக ஒரு மண்முட்டி கள் வாங்கும் அளவுக்குப் பகிடி முற்றியது.

பங்குனிக் கடைசியில் ஒரு பின்னேரம் வெள்ளை வீட்டுக்கு வந்து, கத்தரி நாற்றுப் பாத்தியைக் குறுக்கே மிதித்து, குசினி வாசலில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. உள்ளே மனைவி. வெளியே வர வழியில்லை.

“இஞ்சேருங்கோ! இந்த மாடு குடிச்சிருக்குது.”

“மாடு குடிக்குமோ? தண்ணி கூடக் குடிச்சிருக்கும்.”

“தண்ணி குடிச்ச மாடு உங்களை மாதிரி மூச்சு விடுமோ?”

நான் மூச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“எங்கட அப்பு வளர்த்த மாடு. பச்சைத் தண்ணியைத் தவிர வேறை ஒண்டும் தொட்டறியாது,” என்றாள். கலியாணத்துக்கு முன்னர் என்னைப்பற்றியும் என் பக்கத்து ஆட்கள் அவளுடைய அப்புவிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அன்றே தீர்ப்பும் வந்தது.

“உந்த மயிலையோடை சேர்ந்துதான் இது பழுதாப்போச்சு. சேர்க்கை சரியில்லை. அப்புவுக்குக் காயிதம் எழுதுறன். இன்னொரு எருது அனுப்பட்டும். எங்களுக்கெண்டு ஒரு சோடி இருந்தால் மயிலையின்ரை பக்கமே இது போகத் தேவையில்லை.”

“அப்ப அண்ணையின்ரை வயல்?”

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. “அதுக்கு நான் என்ன செய்ய? எங்கட மாட்டைக் குடிகாரனாக்கித்தானோ அவையின்ரை வயலை உழவேணும்?” என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

காயிதம் எழுதப்பட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. குளத்து மதகான துருசைத் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. துருசு திறந்து தண்ணீர் ஓடும் நாட்களுக்குள் உழாதவன் அந்தப் போகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

“காயிதத்தைப் போடாதை. சேர்க்கையாலை மாடு குடிக்கேல்லை எண்டு நான் நிரூபிச்சுக் காட்டுறன்.”

“நீங்களோ?”

அந்த ஒரு சொல்லில், மேல்வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் நான் இரண்டு தரம் தவறிய கதை முழுவதும் இருந்தது.

மறுநாள் பரிசோதனையைத் தொடங்கினேன். எங்கள் மாட்டுக்கொட்டிலில் வெள்ளையைத் தனியே கட்டி, முன்னால் இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கள். தனியே நின்றும் அது கள்ளைக் குடித்தால், பழக்கம் அதனுடையது, மயிலை மேல் பிழை இல்லை. இதுதான் என் கணக்கு. வெள்ளை கள்வாளிக்கு மேல் மூக்கை நீட்டியது. தும்மியது. தண்ணீரைக் குடித்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வாளிகளை இடம் மாற்றி வைத்தேன். அது தண்ணீர் வாளியைத் தேடிக்கொண்டு போய்க் குடித்தது. என் மாடு கள்ளுக் குடிக்கவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவன் வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். பிள்ளையார் அந்தக் காயிதத்துக்கு முன்னால் இருந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியளோ,” என்றாள் மனைவி. “தனிய விட்டால் எங்கட மாடு தங்கம்.”

நான் வேலியைத் தாண்டி அண்ணை வீட்டுக்குப் போனேன். மயிலையைத் தனியே கட்டி அதே இரண்டு வாளி வைத்தோம். மயிலை பெரிய குடிகாரன் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அது கள்வாளியைக் காலால் தட்டிவிட்டது. மூன்று நாளும் தண்ணீர்தான்.

அண்ணையின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். “தங்கச்சி!” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். “ஆரின்ரை மாடு ஆரைக் கெடுத்தது எண்டு இப்ப விளங்குதோ? எங்கட மாடு வாயாலை தொடேல்லை. உங்கட சீதன மாடுதான் எங்கட பிள்ளையைப் பழக்கியிருக்குது.”

“அக்கா, எங்கட மாடும் தனியத் தொடேல்லை.”

“அப்ப ரெண்டுக்கும் பேய் வந்து பருக்கினதோ?”

நல்ல கேள்வி. அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்தோம். கள்வாளி வெறுமையாயிற்று. ஒன்றின் மூஞ்சியை மற்றது தள்ளித் தள்ளிக் குடித்தது. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் வரும்போது அண்ணை கொஞ்சம் தள்ளி நிற்பார். வேலிக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் மயிலை. ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. ஆளுக்கு இரண்டு வாளி. வெள்ளை வேலிக்கு மேலால் மயிலையைப் பார்த்தது. மயிலை வெள்ளையைப் பார்த்தது. நெடுநேரம் இரண்டும் குடிக்கவில்லை. ஒன்று தொடங்கட்டும் என்று மற்றது காத்துக்கொண்டு நின்றது போலிருந்தது. கடைசியில் வெள்ளை கள்ளில் ஒரு வாய் குடித்தது. உடனே மயிலையும் குடித்தது. மறுநாள் மயிலை தொடங்கியது, வெள்ளை தொடர்ந்தது. அதற்கடுத்த நாள் இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டன.

“என்ன ஐசே, இதாலை என்ன விளங்குது?” என்று அண்ணை கேட்டார்.

“அண்ணை, முந்தி எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை. இப்ப மூண்டு விசயம் விளங்கேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. மண்ணில் குந்தியிருந்து வயல் பக்கம் பார்த்தார். “துருசு நாளைக்கில்லை, அடுத்த நாள் திறக்கிறாங்களாம்,” என்றார். அவ்வளவுதான். அதுவரை நான் வாளிகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஒரு சாக்கு விதைநெல் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்கு நானும் அண்ணையும் போனோம். திரும்பி வரும்போது மத்தியானம். என் மனைவி மாட்டுக்கொட்டில் வாசலில் ஒரு வெறும் வாளியைப் பிடித்தபடி, பேயறைந்தவள் போல நின்றாள்.

“உங்கட சோதினையிலை எனக்கு நம்பிக்கை வரேல்லை. நானே செய்து பாத்தனான்,” என்றாள். “சீவுற அண்ணையிட்டைப் போய் ஒரு முட்டி கேட்டனான். வெக்கத்திலை பிராணன் போட்டுது. கொண்டுவந்து இதுக்கு முன்னாலை வைச்சன். மயிலை இல்லை, நீங்கள் இல்லை, ஒருத்தரும் இல்லை. நான் மறைவிலை நிண்டன். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சுப்போட்டு வாளியையும் நக்குது!”

அவள் உள்ளே போய்ப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த காயிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். “மாட்டிலைதான் பிழை. பாவம், அந்த மயிலையிலை பழியைப் போட்டன்,” என்றாள். பின்னேரம் மோதகம் அவித்து மூடிக்கொண்டு அண்ணை வீட்டு அக்காவிடம் போனாள். இருவரும் வேலியடியில் நின்று அழுததாகக் கேள்வி. என்னைப் பற்றிப் பேசியதாகவும் கேள்வி.

துருசு திறந்தது. தண்ணீர் முதலில் என் வயலுக்கு வந்தது. வெள்ளையும் மயிலையும் ஒன்றாய் நுகம் ஏறின. இரண்டு நாளில் என் வயல் முடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மாடு எப்படித் திடீரென்று தனியே குடித்தது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. சேற்றில் கலப்பையைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்து, ஒரு சால் ஓட்டிய இடத்திலேயே மறுபடி ஓட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, அண்ணையின் வயலில் உழவு தொடங்கும் நேரத்தில், சீவல்தொழில் செய்கிறவர் தோளில் முட்டிகளோடு வரம்பால் வந்தார்.

“தம்பி, வீட்டிலை விசேஷமோ?”

“என்ன விசேஷம்?”

“இல்லை, அண்டைக்கு உங்கட வீட்டுக்காரப் பிள்ளை வந்து ஒரு முட்டி கேட்டவா. பிள்ளைத்தாச்சியாக்கும், வாய்க்கு ருசியாக் கேக்கிறா எண்டு நினைச்சன்.”

“கள்ளோ கேட்டவா?”

“கள்ளு எண்டுதான் கேட்டவா. அதுக்காகக் குடும்பப் பொம்பிளையின்ரை கையிலை கள்ளு முட்டியைக் குடுக்க எனக்கு மனம் வருமோ, தம்பி? என்ரை அப்பன் காலத்திலையிருந்து நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. சுண்ணாம்பு தடவின முட்டியிலை இறக்கின கருப்பணிதான் குடுத்தனான். நல்ல இனிப்பு. குடிச்சவாவோ?”

நான் கலப்பையை விட்டுவிட்டு வரம்பில் உட்கார்ந்தேன். கருப்பணி என்றால் புளிக்காத பதநீர். வெறியில்லாத வெறும் இனிப்பு. அதை வைத்தால் எந்த மாடுதான் வாளியை நக்காது? மனைவிக்கு எப்படித் தெரியும்? கள்ளின் மணம் என் வாயிலிருந்து வரும்போதுதான் அவளுக்குத் தெரியும். முட்டியில் இருக்கும்போது எப்படி மணக்கும் என்று அவள் அறியமாட்டாள்.

அண்ணையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என்னைப் பார்த்தார். அவருடைய வயல் இன்னும் ஒரு சால்கூட ஓடவில்லை. காயிதம் எரிந்துவிட்டது உண்மை. ஆனால் என் மனைவிக்கு இன்னொரு காயிதம் எழுதக் கால்மணி நேரம் போதும். அதுவும் வேண்டாம். மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோக ஒரு நிமிடம் போதும்.

“உழுவமோ, ஐசே?” என்றார்.

“உழுவம், அண்ணை.”

அன்று முழுவதும் நான் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு செய்தி. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் வெள்ளை என்னை விடவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு பின்னேரமும் அது குசினி யன்னலுக்குள் தலையை நீட்டும். அவள் அரிசி கழுவிய தண்ணீரை வைப்பாள், கழுத்தைச் சொறிவாள், ஊர்ப்புதினம் எல்லாம் சொல்வாள். இப்போது அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “உது” என்றுதான் சொன்னாள். “உதுக்கு நீங்களே தண்ணி வையுங்கோ. இந்தப் போகம் முடியட்டும், உதை வித்துப்போடுவம்.” மாடு தலையை நீட்டியபடியே நிற்கும். தான் செய்த குற்றம் எதுவென்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

அடுத்த நாள் மத்தியானம் அவளும் அக்காவும் வயலுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். இன்னும் இரண்டு துண்டு வயல் உழ இருந்தது. மறுநாள் துருசு மூடுகிறார்கள். விதைநெல் முளைகட்டிச் சாக்கோடு வரம்பில் இருந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் கிடையாது. ஆகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன்.

“அது குடிச்சது கள்ளில்லை. கருப்பணி.”

சீவல்தொழிலாளி சொன்னதை அப்படியே சொன்னேன், பிள்ளைத்தாச்சிக் கதை உட்பட. அக்கா தலையில் கைவைத்தார். அண்ணை சோற்றை உருட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

மனைவி என்னை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள்.

“அப்ப இது தனியக் கள்ளுக் குடிக்கேல்லை.”

“இல்லை.”

“மயிலையும் தனியக் குடிக்கேல்லை.”

“இல்லை.”

“ரெண்டும் சேர்ந்தால் குடிக்குதுகள்.”

“ஓம்… சில நேரம்.”

“அந்தச் சில நேரமெல்லாம் பக்கத்திலை ஆர் நிண்டது? ஆர் ஊத்தினது? ஆர் சிரிச்சது?”

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை வானத்தில் ஏதோ பருந்தைத் தேடினார்.

“நாங்கள்தான்,” என்றேன். சொன்னபிறகு அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தனியே கட்டிவைத்த நாட்களிலும் நான்தானே வாளி பிடித்தேன்? ஆனால் அந்த நாட்களில் நான் குடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கவலைப்படுகிற மனிதனைப் பார்த்தால் மாடு குடிக்காதோ? இல்லை, மாடு மாட்டைத்தான் பார்த்ததோ? இதற்கெல்லாம் இன்னும் எத்தனை வாளி வைக்க வேண்டியிருக்கும்?

அவள் எழுந்தாள். உழாமல் கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தாள். முளைகட்டிய சாக்கைப் பார்த்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முதல்லை உழுது முடியுங்கோ,” என்றாள். “நெல் முளைச்சு நிக்குது. பேந்து கதைப்பம்.”

பிறகு சேற்றுக்குள் இறங்கிப் போய், சேலைத் தலைப்பால் வெள்ளையின் மூஞ்சியில் இருந்த சேற்றைத் துடைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மயிலையின் மூஞ்சியையும் துடைத்தாள்.

பொழுது சாய முன்னர் உழவு முடிந்தது. பலகை அடித்து மட்டமாக்கிய சேற்றில் அக்கா விதைக்கத் தொடங்கினார். மாடுகளை அவிழ்த்ததும் என் மனைவி இரண்டு கயிற்றையும் தானே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான் செய்தாள். மாடுகள் இரண்டும் கள்ளை மறந்துவிட்டன. அல்லது மறந்தது போல நடித்தன. சோடி பிரியவில்லை. ‘பேந்து கதைப்பம்’ என்றாளே, அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எப்போது எடுப்பாள் என்று பல வருடங்கள் பயந்துகொண்டிருந்தேன்.

விதைத்த அன்றைக்கு நானும் அண்ணையும் மட்டும், மாடுகள் இல்லாமல், சீவல்தொழிலாளியின் கொட்டிலில் போய் இருந்தோம். பிளா இரண்டு பேர் கையிலும் நிறைந்திருந்தது.

“என்ன ஐசே, குடிக்கேல்லையோ?”

“நீங்கள் தொடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், அண்ணை.”

“நீர் தொடங்கட்டும் எண்டெல்லோ நான் பாக்கிறன்.”

எனக்குத் தாகமாக இருந்ததா, அவருக்காகத்தான் வந்தேனா, அவர் எனக்காக வந்தாரா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். யோசித்து முடிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் குடித்தோம் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை. விதைத்த மூன்றாம் நாள் காலை அவருடைய வயல் முழுவதும் பச்சையாக முளை காட்டியது. அவர் வரம்பில் நின்று, தன்பாட்டில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.